கயிறு காட்டிய கடைசிப் புத்தகம்

ஐங்கரத்து அண்ணல் துணை. மாமரத்தடியில் மணலைச் சிவமெனக் கண்டு தழுவிய காஞ்சித் தாயே, எழுதும் கைக்கும் பார்க்கும் கண்ணுக்கும் நீயே காவல்.

பரிதாபி வருடம், புரட்டாசி 22, ஞாயிறு

மூட்டமான வானம். மழை இல்லை. நவராத்திரித் தொடக்கம். விடியலில் நீராடிச் சந்நிதிக்குச் சென்றேன். தீபம் தெரிந்தது. தீபத்துக்குப் பின்னிருந்த திருமுகம் தெரியவில்லை. கூட்டத்தில் ஒருவர் பின்னாலிருந்து, "நகருங்க பெரியவரே, பாத்தாச்சில்ல?" பார்த்தாயிற்று என்று சொல்லி நகர்ந்தேன்.

நேற்று சென்னைக் கண் மருத்துவமனை. மகன் சிவஞானம் அஞ்சல் அலுவலகத்தில் விடுப்புச் சொல்லி அழைத்துச் சென்றான். இடக்கண் சென்ற ஆண்டே போயிற்று. வலக்கண்ணில் மூங்கில் குழல் வழியே பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் சிறிது. மருத்துவர் இளைஞர், பணிவானவர். படிக்கலாமா என்று கேட்டேன்.

"தாராளமா படிங்க ஐயா. படிக்கிறதால கெட்டுப்போகாது. எதையாவது படிக்கணும்னு வெச்சிருந்தீங்கன்னா, தள்ளிப்போடாம படிச்சிடுங்க."

தை மாதம் மறுபடி காட்டலாமா என்று மகன் கேட்டான். மருத்துவர் சீட்டில் ஏதோ எழுதத் தொடங்கினார். திரும்பும் ரயிலில் மகன் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தான். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. பார்ப்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

ஆக, ஒரு புத்தகம். உச்சிவெயில் வெளிச்சத்தில் நாளுக்குச் சில பக்கங்கள் என்னும் என் வேகத்துக்கு ஒன்றே முடியும். எது?

வாங்கவேண்டியவை: சொட்டு மருந்து. பூதக்கண்ணாடி. கொலுவுக்குச் சுண்டல் கடலை (மருமகள் வசந்தா கேட்டாள்).

புரட்டாசி 24, செவ்வாய்

காற்று இல்லை. புழுக்கம்.

கயிறு சாத்துவதா, நானே தேர்வதா? இரண்டு நாளாக இதே எண்ணம். தகப்பனார் ஐயமுற்ற போதெல்லாம் பதிகச் சுவடியில் பட்டு நூலைச் சாத்தி, நூல் விழுந்த ஏட்டையே இறைவன் வாக்காகக் கொள்வார். நான் அந்த வழக்கத்தைப் புத்தக அலமாரிக்குக் கொண்டுவந்தேன். ஒன்று முடிந்ததும் கண்ணை மூடி அடுக்கில் ஒரு நூற்கயிற்றைச் செருகுவது. கயிற்றுக்கு வலப்புறம் நிற்பது எதுவோ, அதுவே அடுத்தது. முடிக்கும்வரை வேறொன்றைத் தொடுவதில்லை. இதுநாள்வரை வழுவியதில்லை.

இதுவரை அச்சமும் இருந்ததில்லை. கயிறு இன்று எதைக் காட்டினாலும் நாளை மற்றொன்று உண்டு என்ற தைரியம். இப்போது அந்த நாளை இல்லை.

மாலையில் நயினார் வந்திருந்தார். வாலாஜாபாத்தில் அரிசி ஆலை வைத்திருக்கும் சமணர். நாற்பதாண்டு நட்பு. சூரியன் விழுமுன் உண்டுவிட்டுக் கிளம்பவேண்டும் என்ற அவசரத்திலேயே எப்போதும் பேசுவார். அவர் புத்தகம் தேரும் முறையைக் கேட்டேன்.

"இதுல என்னா சாமி இருக்குது? நெல்லு மூட்டையில குத்தூசி போட்டு நாலு மணிய எடுத்துப் பாக்கறோமில்ல? அதேதான். நடுவுல பிரிப்பேன். ஒரு வரி. நல்லா இருந்தா முழு மூட்டையும் நல்லா இருக்கும்."

"நல்ல மூட்டைக்குள்ளும் கல் இருக்குமே?"

"இருந்தா பொறுக்கிப் போட்டுட்டுத் தின்னவேண்டியதுதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. பதிகம் எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். கண்ண மூடினாலும் வரும். அதுக்குப் போயி இருக்கிற கண்ணச் செலவு பண்ணாதீங்க."

சிரித்துக்கொண்டே சொன்னார். மெய்தான். மனத்தில் உள்ளதற்குக் கண் எதற்கு? மனத்தில் தங்காத எழுத்துக்கு அல்லவா கண் வேண்டும்?

இரவு உணவு கஞ்சி. இறங்கவில்லை.

புரட்டாசி 27, வெள்ளி

அடுத்த வீட்டில் தீபாவளிக்கான சேலை. தறியோசை காலையிலிருந்து ஓயவில்லை.

வசந்தாவையும் கேட்டேன். மருமகள் மாதம் இருமுறை நூலகம் செல்பவள்.

"நான் ஓரத்தப் பாத்து எடுப்பேன் மாமா."

"ஓரமா?"

"பக்கத்தோட ஓரம். கறுத்துப்போயி இருந்துச்சுன்னா நெறைய கை பட்டிருக்குதுன்னு அர்த்தம். வெள்ளையா புதுசா இருந்தா அப்படியே வெச்சிட்டு வந்துடுவேன். யாருமே படிக்காதத நான் மட்டும் ஏன் கஷ்டப்பட்டுப் படிக்கணும்?"

என் அலமாரியில் ஓரம் வெளுத்தவையே மிகுதி என்பது நினைவுக்கு வந்தது.

பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டைத் தனியே எடுத்தேன். ஒன்று, இளமையில் பாதியில் நின்ற சித்தாந்த உரை. மற்றொன்று, ஒரு தலத்தின் புராணம். வாங்கிய நாள்முதல் பிரிக்காதது. சரஸ்வதி பூசைப் பலகையில் இவ்விரண்டை மட்டும் வைப்பேன். விஜயதசமி காலையில் கயிறு இரண்டில் ஒன்றைக் காட்டட்டும்.

இது வஞ்சனை ஆகுமோ? ஆகாது. அம்மைக்கு என் நிலை தெரியும். பிழையான ஒன்றில் கயிறு விழுந்து, கண்ணும் அதிலேயே கழிந்துபோமாயின், பிறவி முழுதும் படித்ததன் முடிவு அதுவாக அல்லவா நிற்கும்?

எழுதிவிட்டேன். ஆயினும் மனம் ஒப்பவில்லை.

புரட்டாசி 30, திங்கள்

சரஸ்வதி பூசை. இன்று ஏட்டைத் தொடலாகாது. இதை எழுதுவதும் பிழையே. தாய் பொறுப்பாளாக.

இரண்டையும் சந்தனமிட்டுப் பலகையில் வைத்துவிட்டுக் கோயில் சென்றேன். வந்தபோது பலகைமேல் பட்டுத்துணி போர்த்திப் பூச்சரம் சாத்தியிருந்தாள் வசந்தா. பொரி, கடலை, வெல்லம்.

படிக்காமல் ஒரு நாள். படிக்க முடியாமற்போகும் நாள்களுக்கு ஒத்திகை.

ஐப்பசி 1, செவ்வாய். விஜயதசமி

எழுதுகோலை அழுத்தி எழுதுகிறேன். கோபத்தால்.

நீராடி நீறணிந்து பலகைமுன் அமர்ந்தேன். கண்ணை மூடி, துணிக்குள் கைவிட்டு, அடுக்கில் என் கயிறான சிவப்புத் தறிநூலைச் செருகினேன். வலப்புறம் இருந்ததை உருவினேன். கனமே இல்லை. விளிம்பு சொரசொரப்பு. அட்டைக்கு மேல் யாரோ நாட்காட்டிப் படம் ஒட்டியிருக்கிறார்கள்.

"இது என்னம்மா?"

வசந்தா விளக்கைக் கிட்டக் கொணர்ந்தாள். "அத்தையோட தொடர்கதை மாமா."

என் மனைவி தையல்நாயகி. இரண்டு மழைக்காலம் முன்பு சிவனடி சேர்ந்தாள். வாரப் பத்திரிகையில் வந்த கதையை வாராவாரம் கிழித்து வைத்துக் கோத்துத் தைப்பது அவள் பழக்கம். அதில் ஒன்று.

"இதை இங்கு வைத்தது யார்?"

"நான்தான் மாமா. பலகையில ரெண்டே ரெண்டு புஸ்தகம் இருந்துது. கண்ணு தெரியாம மத்தத விட்டுட்டீங்கன்னு நெனச்சேன். வருசா வருசம் அத்தை வீட்ல இருக்கிற எல்லாத்தையும்தான வெப்பாங்க? ஒண்ணு விட்டாலும் சரஸ்வதி கோச்சுக்குவான்னு சொல்வாங்க. ரேஷன் கார்டு வரைக்கும் வெச்சேன்." என் முகம் கண்டு, "தப்பா மாமா?"

தப்பென்று எப்படிச் சொல்வது? வழக்கத்தை ஒழுங்காகச் செய்தவள் அவள். குறுக்கே வெட்டியவன் நான்.

மகன் வந்தான். "இன்னொரு தடவ சாத்துங்கப்பா. யாரு கேக்கப்போறாங்க?"

இரண்டாம் முறை சாத்தினால் முதல் முறை சாத்தியவையெல்லாம் பொய்யாகும். இத்தனை ஆண்டுப் படிப்பும் நான் விரும்பியதை நானே எடுத்துக்கொண்டதாக ஆகும்.

கயிறு விழுந்தது விழுந்ததுதான். காதல் கதை. என் கண்ணின் கடைசி எழுத்து.

ஐப்பசி 4, வெள்ளி

மழை தொடங்கிற்று. உச்சிப்பொழுதிலும் வெளிச்சம் குறைவு. மகன் நூறு வாட் பல்பு மாட்டினான்; மின்சாரம்தான் வரவில்லை.

படித்தது எட்டுப் பக்கம். கதை: சுலோசனா என்னும் பள்ளி ஆசிரியை. திருமணமான மறுமாதமே கணவன் இரங்கூனுக்குப் பொருள் தேடிச் செல்கிறான். போர் மூள்கிறது. செய்தி இல்லை. நடை தளர்ந்த உரைநடை. ஓர் உவமை கூட நிமிர்ந்து நிற்கவில்லை. ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் யாரோ கதவைத் தட்டுகிறார். அடுத்த அத்தியாயத்தில் பார்த்தால் பால்காரன்.

தாளின் மறுபக்கம் தைல விளம்பரம். பாதிச் சமையற்குறிப்பு: "கடுகு வெடித்ததும்", அதோடு கிழிபட்டிருக்கிறது.

தையல் ஒருசீராக இல்லை. தையல்நாயகிக்கு எதிலும் பொறுமை குறைவு.

ஐப்பசி 11, வெள்ளி

மழை. அடுத்த வீட்டுத் தறிக்குழியில் நீர் ஊறிவிட்டது. தறியோசை இல்லை. தெருவே வாய் மூடிக் கிடக்கிறது.

வரியின் இறுதிச் சொற்கள் மறைகின்றன. ஒரு வரி முடிந்து அடுத்த வரியைக் கண் பிடிப்பதற்குள் வழி தவறுகிறது. கயிற்றையே வரியின்கீழ் வைத்து நகர்த்தி நகர்த்திப் படிக்கிறேன்.

நயினார் எட்டிப்பார்த்தார். மடியில் இருந்ததை நான் மறைப்பதற்குள் கண்டுகொண்டார்.

"என்னா சாமி! மண்டபத்துல புராணம் சொல்றவரு மடியில சுலோசனாவா?"

"உமக்கு எப்படித் தெரியும் அவள் பெயர்?"

"எங்க வீட்ல வெள்ளிக்கிழமையான்னா சோறு லேட்டு. பொம்பளைங்க எல்லாரும் ஒரே புஸ்தகத்துல தலைய விட்டுக்கினு கெடப்பாங்க. சத்தமா வேற படிப்பாங்க. ஆமா, அந்த மாமியார்க்காரி இன்னும் உசுரோட இருக்கிறாளா?"

"இருக்கிறாள். கொடியவள்."

சொன்ன பிறகே நாணினேன். அவர் சிரிக்கவில்லை. என் கையில் இருந்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார் போலும்.

உண்மையை மறைப்பானேன். பூசை வேளையிலும் சுலோசனாவின் எண்ணம் வருகிறது. சம்பளத்தை மாமியார் பிடுங்கிக்கொண்டாளே, வாடகைக்கு என் செய்வாள்? பஞ்சாட்சரம் நடுவில் அறுந்து, விட்ட இடம் தெரியாமல் முதலிலிருந்து தொடங்கினேன்.

ஐப்பசி 20, ஞாயிறு. தீபாவளி

எண்ணெய் நீராடல். தெருவில் வெடி. ஓசை மட்டும். எதிர்வீட்டுக் குழந்தை கம்பி மத்தாப்பைக் கொண்டுவந்து முகத்தருகே பிடித்து, "தெரியுதா தாத்தா? தெரியுதா?" தெரிகிறது என்றேன். வெளிச்சத்தின் சூடு தெரிந்தது.

படிக்கவில்லை.

ஐப்பசி 25, வெள்ளி

முடிந்தது. முடியவில்லை.

கடைசிப் பக்கம். சுலோசனா எழும்பூர் நிலையத்தில் நிற்கிறாள். இரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர்களுள் ஒருவர் வருகிறார் என்று தந்தி. யார் என்று தந்தியில் இல்லை. ரயில் வருகிறது. பெட்டியின் கதவு திறக்கிறது. ‘தொடரும்’ என்று அச்சு. அதற்கப்பால் அட்டை.

தடவிப் பார்த்தேன். பசை ஒட்டிக்கொண்ட தாள் ஏதேனும் உண்டா? இல்லை. தைத்த நூல் முடிச்சில்லாமல் தொங்குகிறது. மேலும் தாள் சேர்க்க விட்டுவைத்த நூல்.

வசந்தாவை அழைத்தேன். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மிச்சம் எங்கேயம்மா?"

"வரல மாமா. பாலாத்துல வெள்ளம் வந்துச்சே, அத்தை படுத்திருந்தப்போ. பஸ் இல்ல. ரெண்டு வாரம் புஸ்தகமே வரல. அத்தை என்னையே கேட்டுக்கினு இருந்தாங்க. எறங்கினது யாருடி, எறங்கினது யாருடின்னு."

"எப்போது கேட்டாள்? நான் அருகிலேயே இருந்தேனே."

"நீங்க பதிகம் படிச்சிக்கினு இருந்தீங்க. அவங்களுக்குக் கொரல் எழும்பல."

ஆம். இருந்தேன். தலைமாட்டில் அமர்ந்து ஓதினேன். அவள் உதடுகள் அசைந்தன. உடன் ஓதுகிறாள் என்று எண்ணி, அவளுக்கு எட்டும்படி இன்னும் மெதுவாக, இன்னும் தெளிவாக ஓதினேன். நற்கதி பெற்றாள் என்று அன்று வந்தவரிடமெல்லாம் சொன்னேன்.

"பிறகு?"

"கடைசியில என்னால தாங்க முடியல மாமா. கடைத்தெருவுல ஒரு புஸ்தகம் வந்துச்சு, நின்னுக்கினே படிச்சிட்டு வந்தேன்னு பொய் சொன்னேன். நானா ஒரு முடிவு கட்டிச் சொன்னேன். கேட்டுட்டுக் கண்ண மூடினாங்க. ராத்திரி தூங்கினாங்க. மறுநாள்தான்..."

மறுநாள்தான் போனாள். எனக்குத் தெரியும்.

"அச்சில் வந்த முடிவு?"

"காரியமெல்லாம் ஆனப்புறம் படிச்சேன். அது வேற மாதிரி இருந்துச்சு." எழுந்தாள். "நயினார் வீட்டம்மா முழுசா பைண்டு பண்ணி வெச்சிருக்காங்க. சொல்லி அனுப்பட்டுமா?"

அனுப்பு என்றேன். கயிறு காட்டியதை முடிக்கவேண்டும் அல்லவா.

ஐப்பசி 29, செவ்வாய்

மழை விட்டது. வெயில் என்கிறார்கள்.

நயினார் அந்தப் பைண்டைத் தாமே சுமந்து வந்தார். அவர் வீட்டம்மா மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுத்திருக்கிறார். முற்றத்தில் வெயிலில் அமர்ந்து பிரித்தேன். பூதக்கண்ணாடி. கயிறு. தாள் வெண்மை தெரிந்தது. எழுத்து, வெண்மைமேல் படிந்த அழுக்குப்போல். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கண்ணாடியைத் துடைத்தேன். கண்ணைத் துடைத்தேன். மறுபடியும் அழுக்குத்தான்.

"குடுங்க சாமி, நான் படிக்கிறேன். எங்க ஊட்டுப் பொம்பளைங்க மாதிரி ராகம் போட்டுப் படிக்க வராது."

"வேண்டாம்."

"நீங்களேதான் படிக்கணுமா? அந்த வழக்கமெல்லாம் இனிமே..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். பிறகு, வெயில் சாயும்முன் கிளம்பவேண்டியவர், கிளம்பவில்லை. வசந்தா பகலிலேயே அவருக்குச் சோறிட்டாள். உண்டுவிட்டு என் பக்கத்தில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்.

சித்தாந்த உரையும் தலபுராணமும் பலகைமேலேயே இருக்கின்றன. எடுத்து வைக்கச் சொல்லவேண்டும்.

கார்த்திகை 1, வியாழன்

வரி நேராகப் போகிறதா, ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறதா, அறியேன். விரலை அளவாக வைத்து எழுதுகிறேன். இதற்கு மேல் எழுத எண்ணமில்லை.

காலையில் வசந்தா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காம்பு ஒடியும் ஓசை. நயினார் வீட்டுப் பைண்டு என் மடியில்.

"படிக்கட்டுமா மாமா? கடைசி ரெண்டு அத்தியாயம்தான்."

"வேண்டாம்மா. உன் அத்தைக்குச் சொன்னாயே, அதைச் சொல்."

ஓசை நின்றது.

"ஐயோ, அது கதையே இல்ல மாமா. வாய்க்கு வந்தது. நீங்க எவ்ளோ பெரிய பெரிய நூலெல்லாம் படிச்சவங்க. சிரிப்பீங்க."

"சிரிக்கமாட்டேன்."

"அச்சுல இருக்கிறதுதான நெசமான முடிவு?"

அதற்கு என்னிடம் விடை இருந்தது, அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். அச்சில் உள்ளது வாலாஜாபாத்தில் ஒரு பெட்டியில் இருக்கும். நாளையும் இருக்கும். கேட்பவருக்கு யாரேனும் படித்துச் சொல்வர். தையல்நாயகி கேட்டுச் சென்றது இந்தப் பெண்ணின் வாயில் மட்டும் இருக்கிறது. நான் கேளாவிட்டால் இனிக் கேட்பார் இல்லை. அடுத்தது எது என்று கயிற்றைக் கேளாமல் நானே தேர்ந்தது இது ஒன்றே.

கீரைத்தட்டை நகர்த்திவைக்கும் ஓசை. தொண்டையைச் செருமினாள்.

"ரயில் வந்து நின்னுச்சு மாமா. கதவு தொறந்துச்சு..."

சொன்னாள். அத்தை எந்த இடத்தில் தலையசைத்தாள் என்றும் சொன்னாள். இறங்கியவர் யார் என்பதை இங்கே எழுதமாட்டேன்.

தையல்நாயகி தைத்த புத்தகத்தில் தொங்கிய நூலைத் தேடி எடுத்து, தடவித் தடவி முடிச்சிட்டேன்.

இதை எக்காலத்தில் எவர் பிரித்தாலும், அவர் கண் நெடுநாள் ஒளியோடு இருக்க. அவர் மனையில் விளக்கும் பேச்சும் அவியாதிருக்க. அவர் கேட்பதற்கு விடை சொல்ல அருகில் ஒருவர் இருக்க. தாயே, வசந்தா வீடு வாழ்க.